விவாகரத்து கிரீன் கார்டை என்ன செய்யும்?

அமெரிக்காவில் கணவனோ மனைவியோ ஸ்பான்சர் செய்த திருமணம் முறியும்போது இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஸ்பான்சர் செய்தவர் முதலில் சொல்வது: "உன் கிரீன் கார்டை கேன்சல் பண்ணிடுவேன்." அதே ஆள் ஆறு மாதம் கழித்துச் சொல்வது: "டிவோர்ஸ் ஆயிடுச்சு, இனிமே எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை." முதலாவது ஒரு கட்டம் வரைக்கும்தான் செல்லும். இரண்டாவது பெரும்பாலும் தப்பு.

எது செல்லும், எது செல்லாது என்பதைப் பெரும்பாலும் ஒரே தேதி முடிவு செய்கிறது: விவாகரத்துத் தீர்ப்பு இறுதியான நாள். சண்டை வந்த நாளோ, வீட்டை விட்டுப் போன நாளோ, வக்கீல் நோட்டீஸ் வந்த நாளோ கணக்கில் வராது. தீர்ப்பு நாளில் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள். இங்கே பேசுவது அமெரிக்கச் சட்டம் மட்டும். கனடா, பிரிட்டன் விதிகள் வேறு.

கார்டு கைக்கு வருமுன் தீர்ப்பு வந்தால்

துணையை ஸ்பான்சர் செய்வது ஐ-130 மனுவில் தொடங்குகிறது. குடியுரிமை உள்ளவரோ கிரீன் கார்டு உள்ளவரோ குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் "இவர் என் மனைவி" அல்லது "இவர் என் கணவர்" என்று சொல்லும் மனு அது. அது ஒப்புதல் ஆனாலும் தங்கும் உரிமை வந்துவிடாது. அதற்குப் பிறகு அமெரிக்காவுக்குள் இருப்பவர் ஐ-485 போட வேண்டும்; அங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பம் அது. வெளியே இருப்பவர் மும்பையிலோ கொழும்பிலோ குடியேற்ற விசா நேர்காணலுக்குப் போக வேண்டும்.

இந்தப் படிகள் முடிவதற்குள் விவாகரத்து இறுதியானால் ஐ-130 தானாகவே ரத்து. முன்பே ஒப்புதல் ஆகியிருந்தாலும் ரத்துதான். அதை நம்பி நிற்கும் ஐ-485 நிராகரிக்கப்படும். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியாயிற்று, டிக்கெட்டும் போட்டாயிற்று, விமானம் ஏறுமுன் தீர்ப்பு வந்துவிட்டது என்றாலும் இதே கதிதான். பேசாமல் ஏறி இறங்கிவிட்டால் விமான நிலையத்தில் முத்திரை விழலாம், கார்டும் தபாலில் வரலாம். ஆனால் அந்தக் கார்டு சட்டப்படி பெற்றதாகாது. பல ஆண்டு கழித்துக் குடியுரிமை நேர்காணலில் அதிகாரி திருமணத் தேதி, தீர்ப்புத் தேதி, நுழைந்த தேதி மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது அது வெளியே வரும்.

தீர்ப்பு இல்லாமல் தனித்தனியாக வாழ்வது மட்டும் மனுவைக் கொல்லாது. தொடங்கியபோது அது மெய்யான திருமணமா என்பதே கேள்வி. ஆனால் நேர்காணலில் கேள்விகள் கடுமையாகும். நீதிமன்றம் முறைப்படி பிரிந்து வாழ உத்தரவிட்டிருந்தால் அதை இந்த விஷயத்தில் விவாகரத்துக்கு நிகராகவே எடுத்துக்கொள்வார்கள்.

"கேன்சல் பண்ணிடுவேன்" என்ற மிரட்டலுக்கு உண்மையான பலம் இருப்பது இந்தக் கட்டத்தில்தான். கார்டு வழங்கப்படும் வரை ஸ்பான்சர் ஒரு கடிதம் எழுதி மனுவைத் திரும்பப் பெறலாம். அந்தப் பலத்தை வைத்து அடிப்பவர்களும் உண்டு என்பதால்தான் சட்டத்தில் ஒரு தனி வாசல் இருக்கிறது. அடி, உதை, மிரட்டல், கடுமையான மனக்கொடுமைக்கு ஆளானவர் ஸ்பான்சர் இல்லாமல் தானே ஐ-360 மனு போடலாம். ஆண்களுக்கும் இது பொருந்தும். கொடுமைக்கும் விவாகரத்துக்கும் தொடர்பு இருந்தால் தீர்ப்பு வந்து 2 ஆண்டு வரை போடலாம். மனு போட்ட விஷயத்தைக் கொடுமை செய்தவருக்குத் தெரிவிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஒரு எச்சரிக்கை: மனு ஒப்புதல் ஆகுமுன் மறுமணம் செய்தால் அது போய்விடும்.

எச்-4, வேலைவழி கிரீன் கார்டு வரிசை

இந்தியாவிலிருந்து வந்த பல வீடுகளில் சிக்கல் ஐ-130-ல் இருக்காது. ஒருவர் எச்-1பி என்ற வேலை விசாவில், இன்னொருவர் அவர் துணைக்கான எச்-4 விசாவில், வேலைவழி கிரீன் கார்டுக்குப் பல ஆண்டுக் காத்திருப்பு. இங்கே தீர்ப்பு இறுதியான அன்றே எச்-4 தகுதி முடிகிறது. அதை வைத்து வாங்கிய வேலை அனுமதியும் அதோடு போகிறது. வேலை போனால் கிடைக்கும் 60 நாள் சலுகைக் காலத்தைப் பலர் இங்கேயும் எதிர்பார்க்கிறார்கள். விவாகரத்துக்கு அது கிடையாது. ஆகவே தீர்ப்புக்கு முன்பே சொந்த எச்-1பிக்கோ மாணவர் தகுதிக்கோ மனு போட்டிருக்க வேண்டும். குடும்ப நீதிமன்ற வக்கீலும் குடிவரவு வக்கீலும் ஒருவரோடொருவர் பேசாததால் பாழாகும் வழக்குகளில் இதுதான் முதலிடம் என்று சொல்லலாம்.

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது தீர்ப்பு வந்தால் துணையாகச் சேர்க்கப்பட்டவரின் விண்ணப்பம் விழும். முதன்மை விண்ணப்பதாரருக்குப் பொதுவாகப் பாதிப்பில்லை. இதற்கு ஒரு விலக்கு. காத்திருப்பு வரிசை பிறந்த நாட்டுவாரியாக ஓடுவதால், இந்தியாவில் பிறந்தவர், இலங்கையில் பிறந்த துணையின் நாட்டுக் கணக்கில் சேர்ந்து இந்திய வரிசையைத் தவிர்க்கலாம். அப்படிப் போட்டவருக்குக் கார்டு வருமுன் விவாகரத்தானால் முதன்மை விண்ணப்பதாரரே இந்திய வரிசைக்குத் திரும்ப வேண்டும்.

வேலைவழியில் துணையாகக் கார்டு வாங்கியாயிற்று, அதன் பிறகு பிரிவு என்றால் அந்தக் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. கீழே சொல்லும் நிபந்தனைக் கார்டு தொல்லையும் அவர்களுக்கு இல்லை.

இரண்டு ஆண்டுக் கார்டு

கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி 2 ஆண்டு நிறையவில்லை என்றால் வருவது நிபந்தனைக் கார்டு. கணக்கு பார்ப்பது விண்ணப்பித்த நாளை வைத்து அல்ல. அமெரிக்காவுக்குள் ஐ-485 ஒப்புதல் ஆன நாள், அல்லது குடியேற்ற விசாவில் வந்து இறங்கிய நாள்தான் கணக்கு. அது 2 ஆண்டுக்கே செல்லும். அது முடியுமுன் உள்ள 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். கார்டு 2027 ஆகஸ்ட் 20-ல் முடிகிறது என்றால் மே 22 முதல் போடலாம்.

இருவரும் சேர்ந்து என்ற அந்தச் சொல்தான் மிரட்டலுக்கு ஆயுதமாகிறது: "நான் கையெழுத்துப் போட மாட்டேன்." போடாவிட்டால் போகட்டும். விவாகரத்து ஆகிவிட்டால், திருமணம் நல்லெண்ணத்தோடு நடந்தது என்று காட்டி, தனியாளாகவே ஐ-751 போடலாம். கொடுமைக்கு ஆளானவருக்கும், நாடு கடத்தப்பட்டால் மிகக் கடுமையான துன்பம் வரும் என்று காட்டுபவருக்கும் இதேபோல் தனி வழி உண்டு. தனியாகப் போடும் மனுவுக்கு 90 நாள் கணக்கு கிடையாது. தீர்ப்பு வந்த அடுத்த வாரமே போடலாம். கார்டு காலாவதியாகிவிட்டாலும் போடலாம். ஆனால் எதையும் போடாமல் தேதியைக் கடத்துவது ஆபத்து. கார்டு முடிந்த நாளில் தகுதியும் முடிந்துவிடும், குடிவரவு நீதிமன்ற நோட்டீஸ் வரும்.

பலரும் மாட்டுவது நடுவில். கார்டு முடியப்போகிறது, விவாகரத்து வழக்கு நடக்கிறது, தீர்ப்பு இன்னும் இல்லை. துணை கையெழுத்துப் போடச் சம்மதித்தால் சேர்ந்தே போடலாம். சட்டப்படி இன்னும் தம்பதிதான். ஆனால் தனித்தனி முகவரியில் வாழ்வதை மறைக்கக் கூடாது. பிறகு தீர்ப்பு வந்ததும் அதன் நகலை அனுப்பித் தனி மனுவாக மாற்றக் கேட்கலாம். துணை சம்மதிக்கவில்லை என்றால் வழக்குத் தொடுத்ததற்கான ஆதாரத்தோடு தனி மனு போடலாம். யுஎஸ்சிஐஎஸ் கோப்பை எடுக்கும்போது தீர்ப்பு நகல் கேட்டுக் கடிதம் அனுப்பும்; பதிலுக்கு அதிகபட்சம் 87 நாள். அங்கேதான் இடிக்கும். டெக்சாஸில் வழக்குத் தொடுத்து 60 நாள் கழிந்தால் விவாகரத்து கிடைக்கலாம். கலிபோர்னியாவில் எதிர்த் தரப்புக்குச் சம்மன் சேர்ந்து குறைந்தது 6 மாதம் ஆக வேண்டும். கடிதம் வந்த பிறகு கலிபோர்னியாவில் வழக்குத் தொடங்கினால் எவ்வளவு ஓடினாலும் 87 நாளுக்குள் முடியாது. ஆகவே ஐ-751 போடும் முன்பே, அல்லது போடும் அதே வாரத்தில், விவாகரத்து வழக்கைத் தொடுத்துவிடுவது நல்லது. அப்படியும் தீர்ப்பு தாமதமாகி மனு நிராகரிக்கப்பட்டால், தீர்ப்பு வந்ததும் புதிதாகத் தனி மனு போடலாம். நாடுகடத்தல் உத்தரவு இறுதியாகுமுன் அதைச் செய்ய வேண்டும்.

மனு போட்டதும் வரும் ரசீதுக் கடிதம் 2023 முதல் கார்டை 48 மாதம் நீட்டித்துத் தருகிறது. பழைய கார்டும் இந்தக் கடிதமும் சேர்ந்தால்தான் வேலைக்கும் பயணத்துக்கும் ஆவணம். ஒன்றைத் தொலைத்தால் சென்னை விமான நிலைய கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இப்போது ஆதாரம். கல்யாண ஆல்பம் மட்டும் கொண்டு போகிறவர்கள் நிறைய. மண்டபம் நிறைய ஆட்கள், நாதஸ்வரம், தாலி கட்டும் படம், மூன்று புடவை மாற்றிய வரவேற்பு. இவை காட்டுவது கல்யாணம் நடந்தது என்பதை. அதிகாரி தேடுவது அதற்குப் பிந்திய வாழ்க்கையை. இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, மளிகைக் கடைச் செலவும் கரண்ட் பில்லும் ஓடும் கூட்டு வங்கிக் கணக்கு, ஒருவர் வேலையில் மற்றவருக்கு எடுத்த மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீட்டில் நாமினி பெயர். இவைதான் எடை கூட்டும். பெயருக்குத் திறந்து நூறு டாலர் போட்டு வைத்த கூட்டுக் கணக்கு உதவாது. சில நேரம் சந்தேகத்தைக் கிளப்பும். தம்பதி இருவரையும் நேரில் அறிந்த இரண்டு பேரிடமாவது உறுதிமொழிக் கடிதம் வாங்குங்கள். "நல்ல பெண், குடும்பப் பாங்கானவள்" என்று எழுதினால் பயனில்லை. எந்த மாதம் எங்கே சந்தித்தேன், வீட்டில் என்ன பார்த்தேன் என்று எழுத வேண்டும்.

பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணமாக இருந்து நான்கைந்து மாதத்தில் முறிந்திருந்தால், ஒரு விளக்கக் கடிதம் கட்டாயம் வேண்டும். இரண்டு முறை பார்த்துப் பேசிவிட்டுக் கல்யாணம் செய்வது நம்மிடம் வழக்கம் என்பது அதிகாரிக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ஜாதகம் மாற்றியது, பெண் பார்க்க வந்தது, நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே பேசிய வாட்ஸ்அப் பதிவு, பிரிவுக்கு என்ன காரணம், சேர்ந்து வாழ என்ன முயற்சி நடந்தது என்று தேதியோடு எழுதுங்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள் பெரிய கேடு செய்யும். ஒன்று, முகவரி. வீடு மாறிய 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் வழியாகத் தெரிவிக்காவிட்டால் யுஎஸ்சிஐஎஸ் கடிதங்கள் பழைய வீட்டுக்கே, அதாவது பிரிந்த துணையின் கைக்கே போகும். இன்னொன்று, சமரசப் பத்திரத்தின் வாசகம். "சீக்கிரம் முடியட்டும்" என்று, கிரீன் கார்டுக்காகவே திருமணம் நடந்தது என்ற வரி உள்ள தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு எந்த ஆல்பமும் காப்பாற்றாது.

ஐ-864: கல்யாணத்தைத் தாண்டி வாழும் கையெழுத்து

ஸ்பான்சர் செய்பவர் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார். வந்தவரின் வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வேன் என்று அரசோடு செய்யும் ஒப்பந்தம் அது. வந்தவர் அமெரிக்கக் குடிமகன் ஆனால் அது முடியும். அவர் கணக்கில் 40 காலாண்டு வேலை சேர்ந்தால் முடியும். கார்டைத் துறந்து நாட்டை விட்டே போனால் முடியும். இருவரில் ஒருவர் இறந்தால் முடியும். இந்தப் பட்டியலில் விவாகரத்து இல்லை.

வந்தவர் இதை வைத்து முன்னாள் துணை மீது வழக்குப் போடலாம். 2025 அட்டவணைப்படி தனியாளுக்கு அந்த 125 சதவீதம் ஆண்டுக்குச் சுமார் 19,560 டாலர். அவர் சம்பாதிக்கும் தொகையைக் கழித்து மீதியைக் கேட்கலாம். திருமணத்துக்கு முன் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இந்தப் பொறுப்பை நீக்காது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. வந்தவர் வேலை தேடியே ஆக வேண்டும் என்ற கடமையும் இல்லை என்று ஏழாவது வட்டம் 2012-ல் சொன்னது. ஸ்பான்சரின் சம்பளம் போதாமல் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்ட மாமாவுக்கும் நண்பருக்கும் இதே பொறுப்பு முழுதாக உண்டு. "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று யாராவது தாளை நீட்டினால் யோசிக்க வேண்டிய இடம் இது.

40 காலாண்டு என்பது ஏறத்தாழ 10 ஆண்டு வேலை. ஓராண்டில் அதிகபட்சம் நான்குதான் சேரும். 2025-ல் ஒரு காலாண்டுக்கு 1,810 டாலர் சம்பாத்தியம் கணக்கு.

இந்த உறுதிமொழி அடுத்த மனுவையும் தொடுகிறது. முதல் மனைவியை ஸ்பான்சர் செய்து விவாகரத்தான ஒரு குடிமகன் மறுமணம் செய்து புதிய மனைவிக்கு ஐ-864 நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப எண்ணிக்கை: தான், புதிய மனைவி, ஆக 2 என்று எழுதுகிறார். அது தப்பு. முன்பு ஐ-864 போட்டு, பொறுப்பு இன்னும் முடியாத முன்னாள் மனைவியையும் சேர்த்து 3. 2025 அட்டவணையில் 2 பேருக்குத் தேவை 26,437 டாலர், 3 பேருக்கு 33,312. வருமானம் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் கூட்டு ஸ்பான்சர் தேட வேண்டிவரும்.

அடுத்து போடும் மனுக்கள்

திருமணம் வழியாகக் கார்டு வாங்கியவர் விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்து புதிய துணையைக் கூப்பிட நினைத்தால் 5 ஆண்டுத் தடை குறுக்கே நிற்கும். கார்டு கிடைத்து 5 ஆண்டு முடியும் வரை, கிரீன் கார்டுதாரராக அவர் போடும் துணை மனுவுக்கு ஒப்புதல் கிடைக்காது. முந்தைய திருமணம் குடிவரவுச் சட்டத்தை ஏமாற்ற நடந்ததல்ல என்று தெளிவான, நம்பவைக்கும் ஆதாரம் காட்டினால் தடை நீங்கும். முந்தைய துணை இறந்துபோயிருந்தாலும் தடை இல்லை. ஐ-751-க்குச் சேர்த்த அதே கோப்பு இங்கேயும் வேலைக்கு வரும் என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒருவருக்கு 2023 மார்ச்சில் மனைவி வழியாகக் கார்டு, 2025-ல் விவாகரத்து, 2026-ல் கோயம்புத்தூரில் மறுமணம். தடை 2028 மார்ச் வரை. குடியுரிமை உள்ள துணை வழியாக வந்தவருக்குக் குடியுரிமைக்கு 3 ஆண்டுச் சலுகை உண்டு. ஆனால் அதே துணையோடு 3 ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், உறுதிமொழி எடுக்கும் நாள்வரை திருமணம் நிலைத்திருக்க வேண்டும். நேர்காணலில் தேறி, உறுதிமொழிக்குமுன் தீர்ப்பு வந்தாலும் சலுகை போய்விடும். ஆகவே இவருக்குப் பொதுவான 5 ஆண்டு விதிதான். 90 நாள் முன்பே போடலாம் என்பதால் 2027 டிசம்பரில் விண்ணப்பிக்கலாம். குடிமகன் ஆனபின் மனு போட்டால் அந்தத் தடையே பொருந்தாது. துணைக்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆதாரம் பலவீனமாக இருப்பவர்கள் இப்போதே போட்டு அடிவாங்குவதைவிட அதுவரை பொறுப்பது மேல் என்பது எங்கள் கருத்து.

திருமணம் மோசடி என்ற முடிவு கோப்பில் ஏறிவிட்டால் நிலைமை வேறு. அதற்குக் கால வரம்பே இல்லை. அவருக்காக யார் மனு போட்டாலும், மறுமணமோ உடன்பிறப்போ வேலை கொடுக்கும் நிறுவனமோ, ஒப்புதல் கிடைக்காது. கோபத்தில் முன்னாள் துணை எழுதும் ஒரு மொட்டைக் கடிதம் மட்டும் இதற்குப் போதாது. கணிசமான ஆதாரம் வேண்டும்.

பெற்றோர் பிள்ளைகளுக்குப் போட்ட மனுக்களையும் விவாகரத்து அசைக்கும். குடிமகனின் திருமணமான மகள், மணமான பிள்ளைகளுக்கான எஃப்3 வரிசையில் நிற்கிறாள். விவாகரத்தானால் மணமாகாதவர்களுக்கான எஃப்1 வரிசைக்கு மாறுவாள், முன்னுரிமைத் தேதி (வரிசையில் இடம் பிடித்த நாள்) அப்படியே இருக்கும். கிரீன் கார்டுதாரரின் மணமாகாத மகன் நடுவில் கல்யாணம் செய்தால் மனு அங்கேயே செத்துவிடும். பிறகு விவாகரத்தானாலும் உயிர்க்காது, புதிதாகத்தான் போட வேண்டும். வரிசை மாறவே காகிதத்தில் விவாகரத்து வாங்கி ஒரே வீட்டில் வாழ்பவர்களை அதிகாரிகள் எளிதில் கண்டுபிடிக்கிறார்கள். அந்த விவாகரத்தை ஏற்பதில்லை.

பழைய விவாகரத்து செல்லுமா?

ஐ-130-ல் இருவரின் முந்தைய திருமணங்கள் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றும் முடிந்ததற்கான தீர்ப்பை வைக்க வேண்டும். முந்தையது சட்டப்படி முடியுமுன் செய்த மறுமணம் மனுவுக்கு உதவாது. ஊர்ப் பெரியவர்கள் முன் "தீர்த்துவிட்டோம்" என்று முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிய விடுதலைப் பத்திரம் இங்கே அடிக்கடி வந்து விழும். இந்து திருமணச் சட்டத்தில் வழக்காற்று விவாகரத்துக்கு இடம் உண்டு என்றாலும், அந்தச் சமூகத்தில் அந்த வழக்காறு இருக்கிறது என்று நிரூபிக்கும் பாரம் மனுதாரர் தலையில். நீதிமன்றத் தீர்ப்பு வாங்குவதே பிழைக்கும் வழி. தீர்ப்பு வந்தாலும் மேல்முறையீட்டுக்கு உரிய 90 நாள் கழிந்த பின்பே தேதி குறிப்பது பாதுகாப்பு. இலங்கையில் முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது 3 மாதம் கழித்தே அது இறுதியாகும். முதல் தாளை வைத்து மறுமணம் செய்தவர்களின் மனு நிற்காது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று. இந்தியாவில் இந்து முறைப்படி மணந்தவர் டெக்சாஸ் நீதிமன்றத்தில், மனைவி வராமலேயே, ஒருதலைப்பட்சமாக விவாகரத்து வாங்குகிறார். பிறகு மதுரைக்கு வந்து மறுமணம். அமெரிக்க அதிகாரி ஒரு திருமணம் செல்லுமா என்பதை அது நடந்த இடத்தின் சட்டப்படி பார்ப்பார். எதிர்த் தரப்பு மனமுவந்து பங்கேற்காத வெளிநாட்டு விவாகரத்தை இந்தியாவில் ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-ல், நரசிம்ம ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படியானால் மதுரைத் திருமணத்தின்போது அவருக்கு முதல் மனைவி சட்டப்படி இருக்கிறார். இப்படி மாட்டாமல் இருக்க, முன்னாள் துணை வழக்கில் ஆஜராகி ஒப்புக்கொண்ட தீர்ப்பாக வாங்குங்கள். அல்லது இந்தியாவில் பரஸ்பரச் சம்மத விவாகரத்து வாங்குங்கள். அதற்குரிய 6 மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தீர்ப்பின் சான்றிட்ட நகலில் நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தை அச்சடித்து வைக்காதீர்கள். ஆவணம் தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோட்டரி கட்டாயமில்லை. பெயரின் எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் தீர்ப்பில் வேறு மாதிரியும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு பிரமாணப் பத்திரத்தை முதலிலேயே சேர்த்து அனுப்புங்கள்.